பழைய மொரிஸ் மைனர் எஞ்சினுக்குப் பிஸ்டனும் ரிங்கும் சேர்ப்பது: அளவெடுப்பதிலிருந்து முதல் ஓட்டம் வரை

"பிஸ்டன் செட் வாங்கிவிட்டேன், பிளொக்கையும் போர் வெட்டக் கொடுத்துவிட்டேன், ரிங் மட்டும் சரியாக உட்காரவில்லை" என்று வருபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இவர்களில் பெரும்பாலானோர் ரிங்கில் தவறு செய்யவில்லை. வேலையின் வரிசையில்தான் தவறியிருக்கிறார்கள். முதலில் அளவு, அடுத்தது பிஸ்டன், அதன்பின் போர் (சிலிண்டரின் உட்துளை), கடைசியில் ரிங் (பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையம்). இந்த வரிசை ஓரிடத்தில் மாறினாலும் பணம் இரண்டு முறை செலவாகும்.

மலையகத்தில் இன்னும் ஓடுகிற 948 சிசி, 1098 சிசி மொரிஸ் மைனர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒஸ்டின் ஏ35, ஏ40 போன்ற அதே குடும்பத்து எஞ்சின்களுக்கும் முறை ஒன்றுதான். அளவுகளை அங்குலத்திலும், கராஜ்களில் சொல்வதுபோல் "தௌ" கணக்கிலும் தருகிறேன். ஒரு தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

1. திறப்பதற்கு முன் கம்ப்ரெஷன் பாருங்கள்

எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, எக்ஸலரேற்றரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளவெடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஒயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால் கசிவு ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு பக்கம். வால்வு மட்டும் பழுதான எஞ்சினின் அடிப்பகுதியைக் கழற்றுவது வீண் வேலை.

கொழும்பில் எழுதிவைத்த அளவை இங்கே எதிர்பார்க்காதீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கரையோரத்தில் இருப்பதில் 80 வீதம் அளவுதான். கரையோரத்தில் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் காட்டும் நல்ல எஞ்சின் நுவரெலியாவில் 120 ஐ ஒட்டித்தான் காட்டும், ஹட்டனில் 130 ஐ ஒட்டி நிற்கும். இது தெரியாமல் நல்ல எஞ்சினைத் திறந்துவிட்டவர்கள் உண்டு. மொத்த அளவைவிட நான்கு சிலிண்டர்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

2 முதல் 3 அங்குலம் வரை அளக்கும் மைக்ரோமீற்றர், டயல் போர் கேஜ், ஃபீலர் கேஜ், தட்டையான நுண் அரம், ரிங் கம்ப்ரெஸர், டோர்க் ரென்ச், பழைய பிஸ்டன் ஒன்று. போர் கேஜ் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடாது, மாற்று வழியை நான்காம் பகுதியில் சொல்கிறேன். மைக்ரோமீற்றர் இல்லாமல் மட்டும் தொடங்க வேண்டாம். வேர்னியர் கலிப்பரால் ஒரு தௌவை நம்பி அளக்க முடியாது, இந்த வேலை முழுவதும் ஒரு தௌவுக்குள்தான் நடக்கிறது.

3. கழற்றும்போதே குறித்துவிடுங்கள்

இந்த எஞ்சின்களில் பிஸ்டனும் கொனெக்டிங் ரொட்டும் பிளொக்கின் மேல்வழியாகத்தான் வெளிவரும். சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, ரிங் எட்டாத இடத்தில் ஒரு மேடு நிற்கும். அதை முதலில் சுரண்டி எடுக்காமல் பிஸ்டனைத் தள்ளினால் ரிங் தங்கும் பகுதி உடையும். பழைய பிஸ்டன்தானே என்று நினைக்காதீர்கள், அது இன்னும் தேவைப்படலாம்.

ரொட், அதன் மூடி, பிஸ்டன் மூன்றிலும் சிலிண்டர் எண்ணைக் குறியுங்கள். முன்பக்கம் எது என்பதையும் குறியுங்கள். 948 எஞ்சினில் பிஸ்டன் பின் (பிஸ்டனை ரொட்டோடு இணைக்கும் உருளை), ரொட்டின் மேல்முனையில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். 1098 இல் பின் சுதந்திரமாகச் சுழலும், இருபுறமும் சேர்க்லிப் தாங்கும். கடையில் "மைனர் பிஸ்டன்" என்று மட்டும் கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தில்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிஸ்டனின் தலையில் கரியைத் துடைத்தால் 020, 030 அல்லது 0.50, 0.75 என்று பொறித்திருக்கும். இது ஓவர்சைஸ், அதாவது மூல அளவைவிட எவ்வளவு பெரியது என்பது. முன்னவை தௌவில், பின்னவை மில்லிமீற்றரில். எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட், அதாவது மூல அளவு. ஆனால் பொறிப்பை மட்டும் நம்பாமல் அளந்தும் பாருங்கள். அறுபது வருட வாழ்க்கையில் ஒரு சிலிண்டருக்கு மட்டும் வேறு பிஸ்டன் போட்டு ஓட்டிய கார்களும் இருக்கின்றன.

4. சிலிண்டரை அளப்பது

ஒவ்வொரு சிலிண்டரிலும் மூன்று உயரங்களில் அளவெடுக்க வேண்டும்: மேடு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நடுவில், ரிங் எட்டாத அடிப்பகுதியில். ஒவ்வொரு உயரத்திலும் கிராங்க் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. தேய்மானம் எப்போதும் மேலே, குறுக்குவாக்கில்தான் அதிகம். பிஸ்டன் அந்தப் பக்கம் சாய்ந்துதான் கீழே தள்ளப்படுகிறது. மேலே எரியும் வாயுவின் சூடு வேறு, ஒயிலும் அங்கே குறைவு.

போர் கேஜ் இல்லாதவர்கள் ரிங்கையே கேஜாக்கலாம். ஒரு ரிங்கைச் சிலிண்டரின் அடியில் இறக்கி, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் தள்ளி மட்டமாக்கி, ரிங் கேப்பை (ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை) ஃபீலரால் அளவெடுங்கள். அதே ரிங்கை மேலே கொண்டுவந்து மறுபடி பாருங்கள். கீழே 9 தௌ, மேலே 34 தௌ என்றால் வித்தியாசம் 25. அதை 3.14 ஆல் வகுத்தால் 8. அந்தச் சிலிண்டர் மேலே 8 தௌ விரிந்திருக்கிறது. விட்டம் ஒரு தௌ கூடினால் சுற்றளவு மூன்று தௌவுக்கு மேல் கூடும் என்பதுதான் கணக்கு. முட்டை வடிவத்தை இந்த முறை காட்டாது, அதற்குப் போர் கேஜ்தான் வேண்டும்.

தேய்மானம் மூன்று, நான்கு தௌவுக்குள் இருந்தால் ஹோன் செய்து (சுவரைக் கல்லால் தேய்த்து) புது ரிங் போட்டு ஓட்டலாம் என்பது என் கணிப்பு. ஆறைத் தாண்டிவிட்டால் புது ரிங் போட்டாலும் சில மாதங்களில் புகை திரும்பிவிடும். இடையில் இருந்தால் கார் எங்கே ஓடப்போகிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வரும் காருக்கும் நாளாந்தம் ரம்பொடை ஏறும் காருக்கும் ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது.

5. எந்த ஓவர்சைஸ்

948 எஞ்சினின் ஸ்டாண்டர்ட் போர் 2.478 அங்குலம். 1098 இல் 2.543 அங்குலம். வழமையான ஓவர்சைஸ் 10, 20, 30, 40 தௌ.

ஓர் உதாரணம். 948 எஞ்சின், ஏற்கெனவே 20 ஓவர்சைஸ். அடியில் 2.498 இருக்கிறது, மேலே மிகவும் தேய்ந்த இடத்தில் 2.506. அடுத்த அளவான 30 என்றால் 2.508. 2.506 ஐ விட 2.508 பெரியது, போதும் என்று தோன்றும். போதாது. மிஞ்சுவது விட்டத்தில் இரண்டு தௌ, ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். தேய்மானம் ஒரு பக்கமாகவே இருப்பதால், பழைய மையத்தில் வெட்டும்போது தேய்ந்த பக்கத்தில் கத்தி படாமலே போகும் இடம் உண்டு. அந்த இடத்தில் ரிங் உட்காராது. இந்த எஞ்சினுக்கு 40 தான்.

நான்கு சிலிண்டர்களில் மிக மோசமானது எதுவோ, அதற்கு ஏற்ற அளவே நான்குக்கும். 40 க்கும் மேல் போக வேண்டியிருந்தால் புதிய லைனர் (சிலிண்டருக்குள் இறக்கும் உட்குழாய்) அடித்து ஸ்டாண்டர்டுக்குத் திரும்புவதையே நான் சொல்வேன். செலவு கூடும், ஆனால் சுவர் மெலிந்த பிளொக் ஏற்றத்தில் சூடாகும்.

6. பிஸ்டன் வாங்குவது

இந்த வேலையில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய இருப்புப் பிஸ்டன்கள் இன்னும் கிடைக்கின்றன, புதிய செட்டுகளை இறக்குமதி செய்தும் எடுக்கிறார்கள். எங்கே வாங்கினாலும் பழைய பிஸ்டன் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். விட்டம் மாறினால் பரவாயில்லை, மற்ற எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

பின்னின் மையத்திலிருந்து தலை வரையுள்ள உயரத்தை ஒப்பிடுங்கள். அடுத்து தலையின் வடிவம். தட்டையாக இருந்தால் கம்ப்ரெஷன் அதிகம், குழிவாக இருந்தால் குறைவு. 948 இல் முதலாவது 8.3க்கு 1, இரண்டாவது 7.2க்கு 1. இரண்டும் ஒரே சிலிண்டரில் இறங்கும், பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும். மலையில் காற்று மெலிது என்பதால், இங்கே கிடைக்கும் 92 ஒக்டேன் பெற்றோலில் தட்டைத் தலை நன்றாகவே ஓடும். குழிவான செட் போட்டால் ஏற்றத்தில் ஒரு கியர் கூடுதலாக இறக்க நேரும். இரண்டையும் கலந்து போடுவதை மட்டும் நினைத்தும் பார்க்காதீர்கள்.

ரிங்கின் தடிப்பையும் பாருங்கள். பதினாறில் ஓர் அங்குலக் காடிக்கு (ரிங் உட்காரும் பள்ளத்துக்கு) 1.5 மில்லிமீற்றர் ரிங்கைக் கொடுத்து "இரண்டும் ஒன்றுதான்" என்பார்கள். பதினாறில் ஓர் அங்குலம் 1.5875 மில்லிமீற்றர். வித்தியாசம் மூன்று தௌவுக்கும் மேல். அந்த ரிங் காடிக்குள் மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருக்கும், ஒயிலை மேலே ஏற்றும்.

விட்டத்திலும் இதே சிக்கல். 1.00 என்று பொறித்த பிஸ்டன் ஒரு மில்லிமீற்றர் ஓவர்சைஸ். 40 தௌ என்பது 1.016 மில்லிமீற்றர். அரைத் தௌவுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. பெயரைப் பார்த்துப் போர் வெட்டக் கூடாது, பிஸ்டனை அளந்துதான் வெட்ட வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பணம் கொடுத்த பிறகு நான்கையும் நிறுத்துப் பாருங்கள். ஊரில் நகைக்கடைத் தராசு இருக்கிறது, கேட்டால் சிரித்துக்கொண்டே நிறுத்துத் தருவார்கள். பின்னோடு சேர்த்து நிறுத்து, வித்தியாசம் நான்கு கிராமுக்குள் இருந்தால் அப்படியே விடலாம். அதற்கு மேல் என்றால் கனமான பிஸ்டனின் உட்புறத்தில், பின் தாங்கும் மேட்டின் அடியில் கொஞ்சம் அரத்தால் எடுங்கள். தலையிலோ ஸ்கர்ட்டிலோ (பிஸ்டனின் கீழ்ச்சுவரிலோ) கைவைக்காதீர்கள்.

7. போர் வெட்டக் கொடுப்பது

"பிஸ்டன் இல்லாமல் பிளொக்கை மட்டும் கொண்டுவந்து வைக்காதே தம்பி" என்று சொல்லும் லேத் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். பிஸ்டனைக் கேட்காமலே "30 தானே, வெட்டிவைக்கிறேன்" என்பவரிடமிருந்து பிளொக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பிஸ்டனை அளக்கும் இடம் முக்கியம். பின்னுக்குக் குறுக்காக, ஸ்கர்ட்டின் அடிப்பகுதியில், தயாரிப்பாளர் தாளில் சொன்ன உயரத்தில் மட்டும். புதியவர்கள் தலைப்பக்கத்தை அளந்து, "பத்துப் பன்னிரண்டு தௌ ஆடுகிறதே, தவறான செட்" என்று திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். தலை அதிகம் சூடாகி அதிகம் விரியும் என்பதால், அதைச் சிறியதாகவே செய்கிறார்கள். பிஸ்டன் வட்டமாகவும் இருக்காது, பிஸ்டன் பின் ஓடும் திசையில் சற்று ஒடுங்கியிருக்கும்.

ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து எண் போடுங்கள். ஒன்றாம் பிஸ்டனின் அளவோடு இடைவெளியைக் கூட்டினால் வருவதுதான் ஒன்றாம் சிலிண்டரின் போர். இடைவெளி எவ்வளவு என்பதைப் பெட்டியிலுள்ள தாள் சொல்லும். மாற்றுச் செட்டுகள் பலவற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு தௌ வரை வரும். எனினும் தாளில் வேறு இருந்தால் தாளே தீர்ப்பு.

மலைக்குரிய ஒரு விஷயம்: பிஸ்டனும் பிளொக்கும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் கராஜில் கிடந்த பிளொக் பத்துப் பாகையில் இருக்கும், வீட்டுக்குள் வைத்த பிஸ்டன் இருபதில். அலுமினியப் பிஸ்டன் அந்தப் பத்துப் பாகைக்கே அரைத் தௌ பெருத்துவிடும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும் மைக்ரோமீற்றரின் அளவில் மாற்றம் தெரியும். இரண்டையும் ஓர் இரவு ஒரே அறையில் வைத்து, கையுறையோடு அளவெடுங்கள்.

கடைசி ஒரு தௌவை ஹோனால் எடுக்கச் சொல்லுங்கள். சாதாரண வார்ப்பிரும்பு ரிங்குக்கு 220 முதல் 280 வரையான கல் போதும், கோடுகள் 45 முதல் 60 பாகை வரை குறுக்கும் மறுக்குமாக ஓட வேண்டும். அந்தக் கோடுகளில் தங்கும் ஒயில்தான் முதல் நாட்களில் ரிங்கைக் காப்பாற்றுகிறது. கண்ணாடிபோல் பளபளக்கும் சிலிண்டரைப் பெருமையோடு காட்டினால், திருப்பி ஹோன் செய்யச் சொல்லுங்கள்.

8. கழுவுவது

மண்ணெண்ணெயில் கழுவினால் போதாது. கல்லின் துகளை அது கோடுகளுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும். சுடுநீர், சவர்க்காரத் தூள், தேய்க்கும் தூரிகை: இவ்வளவும் வேண்டும். வெள்ளைத் துணியில் ஒயில் தொட்டுத் துடைத்தால் சாம்பல் நிறம் வராத வரை கழுவுங்கள்.

துடைத்த உடனே ஒயில் பூசிவிடுங்கள். மூட்டம் இறங்கும் ஊரில் வெறுமனே விட்ட சிலிண்டர் மறுநாள் காலையில் செம்மஞ்சளாக நிற்கும்.

9. ரிங் கேப்

போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மூன்று முதல் நான்கு தௌ. 2.518 அங்குலப் போருக்கு ஏழரை முதல் பத்து வரை. ரிங் பெட்டியில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

ரிங்கைச் சிலிண்டரில் வைத்து, தலைகீழான பிஸ்டனால் ஓர் அங்குலம் தள்ளி மட்டமாக்குங்கள். சாய்ந்து நின்றால் கேப் பொய் சொல்லும். போர் வெட்டாமல் ஹோன் மட்டும் செய்த சிலிண்டரில், ரிங் ஓடும் பாதையின் அடிப்பகுதியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அங்கேதான் சிலிண்டர் ஒடுக்கம். மேலே வைத்துச் சரிசெய்த ரிங், கீழே வரும்போது இரு முனையும் முட்டி உடையும்.

கேப் குறைவாக இருந்தால் ஒரு முனையை மட்டும் அராவுங்கள். அரத்தை வைஸில் பிடித்து, ரிங்கை வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக இழுங்கள். மறுபுறமாக இழுத்தால் குரோம் பூச்சு ஓரத்தில் பெயரும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை அளவெடுங்கள், கூடுதலாக எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது.

பெரிய ஓவர்சைஸ் ரிங்கை அராவிச் சின்னச் சிலிண்டரில் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 30 ரிங்கை 20 போரில் போட, முப்பதுக்கு மேல் தௌ அராவ வேண்டும். கேப் சரியாக வரும், வட்டம் வராது. ரிங் அதன் சொந்த விட்டத்தில்தான் முழு வட்டமாக அழுத்தும்படி செய்யப்பட்டது. விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் பிறைபோல் வெளிச்சம் கசிவது தெரியும்.

சரிபார்த்த ரிங் ஒவ்வொன்றையும் சிலிண்டர் எண் எழுதிய கடித உறையில் போட்டுவையுங்கள்.

10. காடியும் மேல்-கீழும்

ரிங்கைக் காடியில் வெளிப்புறமாக உருட்டிப் பாருங்கள், எங்கும் சிக்கக் கூடாது. காடிக்கும் ரிங்குக்கும் இடையில் ஒன்றரை முதல் மூன்றரைத் தௌ வரை இருக்கலாம். பழைய பிஸ்டனையே பாவிக்கிறீர்கள் என்றால், உடைந்த ரிங் துண்டால் காடியிலுள்ள கரியைச் சுரண்டிவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும். மேல் காடிதான் முதலில் தேயும். அங்கே நாலரை, ஐந்து என்று வந்தால் அந்தப் பிஸ்டன் முடிந்தது.

"டொப்" என்றோ "டி" என்றோ பொறித்திருந்தால் அந்தப் பக்கம் மேலே. இதில் விதிவிலக்கு இல்லை. படி வெட்டிய இரண்டாம் ரிங்கில் வெளிப்புறப் படி கீழே வரும், ஏனென்றால் அது ஒயிலைச் சுரண்டி இறக்கும் ரிங். தலைகீழாகப் போட்டால் ஒயிலை மேலே ஏற்றும். புது ரிங் போட்டும் நீலப்புகை நிற்காத எஞ்சின்களைத் திறந்தால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மூன்று துண்டு ஒயில் ரிங்கில், நடுவிலுள்ள அலையின் இரு முனைகளும் முட்டி நிற்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. மாட்டும் வரிசை கீழிருந்து மேலே.

11. உள்ளே இறக்குவது

ரிங் வாய்களை (கேப் இருக்கும் இடங்களை) 120 பாகை இடைவிட்டுத் திருப்பிவையுங்கள். பின்னின் நேரேயும், பிஸ்டன் சாயும் பக்கத்திலும் வாய் வரக் கூடாது. சிலிண்டர், பிஸ்டன், ரிங் எல்லாவற்றிலும் ஒயில் பூசுங்கள். இறக்கும்போது ரொட்டின் அடிமுனை கிராங்கைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிங் கம்ப்ரெஸரைப் பிளொக்கின் முகத்தோடு ஒட்டி இறுக்கி, சுத்தியலின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பிஸ்டன் கொஞ்சம் இறங்கும், சத்தம் மந்தமாக இருக்கும். ஒரு தட்டுக்கு இறங்காமல் சத்தம் மட்டும் கணீரென்று வந்தால் நிறுத்துங்கள். ரிங் ஒன்று கம்ப்ரெஸருக்கும் பிளொக்குக்கும் நடுவில் வெளியே வந்துவிட்டது. இன்னொரு தட்டு தட்டினால் உடையும்.

ஒவ்வொரு பிஸ்டனையும் இறக்கி மூடியை இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். நான்கையும் போட்ட பிறகு இறுக்கம் தெரிந்தால் எது காரணம் என்று தேட வேண்டிவரும்.

12. முதல் ஓட்டம்

பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி ஒயில் அழுத்தம் வந்ததைப் பார்த்த பிறகே பிளக்கை மாட்டுங்கள். சாதாரண மினரல் ஒயில் போதும். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் 1,500 முதல் 2,000 சுற்று வரை இருபது நிமிடம் வைத்திருங்கள். ஐட்லிங்கில் ரிங்கின் பின்னால் அழுத்தம் போதாது, அது சுவரில் உட்காராமல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

கார்பரேட்டரை முதலில் சரிபாருங்கள். கீழ்நாட்டில் ட்யூன் செய்த எஸ்.யூ. கார்பரேட்டர் நுவரெலியாவில் பெற்றோலை அதிகம் கொடுக்கும். அந்தப் பெற்றோல் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும். சோக்கையும் தேவைக்கு மேல் இழுத்து வைக்காதீர்கள்.

முதல் நாட்களில் கிரகரி வாவியைச் சுற்றியுள்ள வீதி போல ஓரளவு சமமான பாதையில் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முடுக்கும்போது வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்தும், காலை எடுக்கும்போது சுவருக்கு ஒயில் ஏறி உலோகத் துகளைக் கழுவும். ஒரே வேகத்தில் போகாதீர்கள். ரம்பொடை, கடுகண்ணாவை போன்ற ஏற்றங்களை முதல் 500 கிலோமீற்றருக்குத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் கீழ்க் கியரில், எஞ்சின் திணறாமல் ஏறுங்கள். மேல் கியரில் முக்கிக்கொண்டு ஏறுவதுதான் புது ரிங்குக்கு எமன்.

500 கிலோமீற்றரில் ஒயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி டோர்க் செய்து, வால்வு இடைவெளி பாருங்கள். பிறகு கம்ப்ரெஷன் எடுங்கள், முதலில் எடுத்த அதே ஊரில், அதே கேஜால். நான்கும் பத்து வீதத்துக்குள் ஒத்து நின்றால் ரிங் உட்கார்ந்துவிட்டது. ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் பிஸ்டனை வெளியே எடுக்க ஓடாதீர்கள், மறுபடி ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுப் பாருங்கள். அளவு அசையவில்லை என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.